இணைந்து நிரப்ப வேண்டிய படிவம்

மனிதனுக்கு மனசு என்று ஒன்று இருப்பதால் அதைக் கவனிக்க ஓர் அலுவலகமும் இருப்பது நியாயம்தான். எங்கள் ஊரிலும் இருக்கிறது. பேரைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'பால்புதுமையினர் மனநல அரவணைப்பு மற்றும் ஒருங்கிணைந்த ஆலோசனை இணைப்பு அலுவலகம்'. கட்டிடத்தைவிடப் பலகை நீளம். கடைசி மூன்று எழுத்து பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கிறது. அவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

அந்த அலுவலகத்துக்கு நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். ஓர் ஆணோடு வாழ்கிற ஆண். அவன் பேக்கரி வைத்திருக்கிறான். ஆறு வருஷமாக எங்களுக்கு ஒரே வீடு, ஒரே சோப்பு டப்பா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரே சண்டை. சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

சிக்கல் என் அக்கா. எனக்கென்று இருக்கிற ஒரே சொந்தம். கணக்கு டீச்சர். பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட பிழை திருத்திவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பாள். வருஷத்துக்கு இரண்டு தடவை என்னைப் பார்க்க வருவாள். அவள் வருகிறாள் என்றால் பேக்கரிக்காரன் ஒரு பழுப்புப் பெட்டியை இறக்குவான். தலையணை, பிரஷ், இரண்டாவது ஜோடி செருப்பு, சுவரில் இருக்கிற போட்டோ, எல்லாம் உள்ளே போகும். பேக்கரி மாடியில் மைதா மூட்டைகளுக்கு நடுவே நாலு நாள் படுத்துக்கொள்வான். நான் அக்காவிடம், தனியாக இருப்பது சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் என் நண்பன் என்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். 'அந்த பேக்கரி சார்' என்பாள்.

இப்போது அக்காவுக்கு எங்கள் ஊருக்கே மாற்றலாகிவிட்டது. ஒன்றாம் தேதி வருகிறாள். வீடு கிடைக்கிறவரை என்னோடுதான். சேதியைச் சொன்னபோது பேக்கரிக்காரன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கோபமெல்லாம் இல்லடா. ஆனா இந்தத் தடவை பெட்டியைத் தூக்கினா, திரும்பக் கொண்டுவர மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். அன்றைக்குப் போனது என் தூக்கம். பத்து நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்குகிற லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் விரும்புவதில்லை. கம்பெனி நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க. ஆனா உங்களை உங்களாவே ஏத்துக்கிற ஆளாப் பாத்துப் பேசுங்க" என்றார்.

ஏற்றுக்கொள்கிற ஆளுக்கு அந்த வருஷம் பஞ்சமே இல்லை. ஏற்பு அப்போது ஃபேஷன். சலூனில் எங்கள் அடையாளமான வானவில், ஜெராக்ஸ் கடையில் வானவில். பஞ்சர் கடையில்கூட 'அனைவரையும் அரவணைக்கிறோம்' என்று ஒரு ஸ்டிக்கர். அங்கே ட்யூபைத்தான் ஒட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அப்படி ஒரு ஆலோசகரைப் பிடித்தேன். வானவில் காலுறை, வானவில் கோப்பை, மூலையில் வானவில் குடை. நான் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்களை ஏத்துக்கிறேன்."

"சந்தோஷம் சார்."

"முழுசா ஏத்துக்கிறேன்."

"நன்றி சார். எங்க அக்கா ஒண்ணாம் தேதி..."

"இந்த நிலைக்கு வர நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாது."

தெரியாதுதான். அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். நடுவில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக வைத்திருந்த டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு பெரிய திருப்புமுனை" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்த மனுஷனை வைத்து ஒரு வாரம் கிண்டலடித்தேன். பேக்கரிக்காரன் சிரித்தான். ஆனால் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது, இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அதற்கப்புறம்தான் மேற்படி அலுவலகம். இனிமேல் சான்று பெற்ற ஆலோசகர்கள் மட்டுமே அரவணைக்கலாம், அந்தச் சான்றையும் ஆளையும் அலுவலகமே கொடுக்கும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். மூன்றாம் கவுண்டரில் ஓர் அம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறவர். கண்ணாடியம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

"அரவணைக்கிற ஆலோசகர் ஒருத்தர் வேணும்மா."

"சாதாரண அரவணைப்பா, ஒருங்கிணைந்த அரவணைப்பா?"

"என்னங்க வித்தியாசம்?"

"சாதாரணத்துல அவங்க சொல்வாங்க, நீங்க கேட்டுக்கணும். ஒருங்கிணைந்ததுல ரெண்டு பேரும் சேர்ந்து படிவம் நிரப்பணும்."

"பேசறது?"

"நேரம் மிச்சம் இருந்தா பேசலாம்."

ஒருங்கிணைந்ததையே கேட்டேன். நாற்பத்தொரு கேள்வி உள்ள படிவம் வந்தது. மேலே ஒரு கொள்கைக் குறிப்பு: ஆலோசனையில் உயர்வு தாழ்வு கூடாது என்பதால் 'ஆலோசகர்', 'ஆலோசனை பெறுபவர்' என்ற சொற்கள் நீக்கப்பட்டு, இனி 'முதல் நபர்', 'இரண்டாம் நபர்' மட்டுமே. எனக்கு அது பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடியம்மா படிவத்தைப் புரட்டினார்.

"உறவினர் அறிந்திருப்புச் சான்று இணைக்கலையே."

"அது என்னம்மா?"

"நீங்க இப்படித்தான்னு தெரிஞ்ச ஒரு ரத்த உறவு கையெழுத்துப் போடணும். ஏத்துக்கிற ஆலோசகர்கள் கம்மியா இருக்காங்க. தகுதியில்லாதவங்க வந்து ஏத்துக்கச் சொன்னா என்ன பண்றது?"

"எனக்கு இருக்கிறது ஒரே அக்கா. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ஆலோசகரைத் தேடி வந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட சொல்லி கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. எப்படிச் சொல்றதுன்னு ஆலோசகர் சொல்லித் தருவாங்க."

கிண்டலாகச் சொல்லவில்லை. மிகுந்த அன்போடுதான் சொன்னார்.

"ஆறு வருஷமா என்கூட இருக்கிறவன் கையெழுத்துப் போட்டா செல்லாதா?"

"அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லாத உறவு செல்லாதுங்க." தலையில் இருந்த கண்ணாடியை மேஜையில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. உறவினர் அறியாமைச் சான்று. அக்காவுக்குத் தெரியாதுன்னு ஒரு ஆலோசகர் எழுதிக் கொடுத்தா, அக்கா கையெழுத்து இல்லாமலே ஆலோசகரைப் பாக்கலாம்."

"அந்த ஆலோசகரைப் பாக்க?"

"சான்று வாங்க மட்டும் பத்து நிமிஷம் அனுமதி உண்டு. அஞ்சாவது மாடி. இதோ, அவங்களே வராங்க, கூடவே போங்க."

கையில் ஃப்ளாஸ்க்கோடு ஒரு வயசான அம்மா வந்தார். இந்த வட்டாரத்திலேயே சான்று பெற்ற ஒரே ஆலோசகர். மற்றவர்கள் ஏற்பது எப்படி என்கிற பயிற்சிக்குப் போயிருந்தார்கள். அவர் உடம்பில் எங்கேயும் வானவில் இல்லை. இரண்டு பேரும் லிஃப்ட்டில் ஏறினோம். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் அது நின்றது.

"பயப்படாதீங்கம்மா. நான் லிஃப்ட் மெக்கானிக்தான்."

"நல்லது. சரி பண்ணுங்க."

"உள்ளேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனி ஆள் மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு வரணும்."

"கூப்பிடுங்க."

சுவரில் இருந்த அவசர எண்ணைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி. இந்தத் தெருவுக்கு அன்றைய டூட்டி நான்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டு உள்ளே நிற்கிறேன். பதிலாள் ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து பஸ் மாறி வர வேண்டும். அந்த அம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ளாஸ்க் மூடியில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். நானும் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பெட்டி வரைக்கும் சொன்னேன்.

"அக்கா வீட்டுக்குள்ள வந்ததும் முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"தப்பு கண்டுபிடிப்பா. காலண்டர் கிழிக்கல, கடிகாரம் நாலு நிமிஷம் முன்னாடி ஓடுது, அப்படி."

"அப்படிப்பட்டவங்க கண்ணுல படாம ஒரு முழு ஆளை ஆறு வருஷம் மறைச்சிருக்கீங்க. எவ்வளவு வேலை."

யாரும் அதை வேலை என்று சொன்னதில்லை. பதினோரு வருஷத்தில் லிஃப்ட்டுக்குள் நான் அழுதது அன்றைக்குத்தான்.

"அவகிட்ட என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

"உங்க அக்காவை எனக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியும். எனக்குக் கேள்வி கேக்க மட்டும் தெரியும். சேர்ந்து யோசிப்போமா?"

சேர்ந்து யோசித்தோம். நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று கேட்பார், நான் சொன்னதையே மாற்றிக்கொள்வேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அக்காவிடம் எதையும் அறிவிக்கப் போவதில்லை. எதையும் மறைக்கவும் போவதில்லை. செருப்பு ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், பெட்டி அலமாரி மேலேயே இருக்கட்டும்.

ஐம்பத்திரண்டாவது நிமிஷம் லிஃப்ட் இறங்கியது. வாசலில் கண்ணாடியம்மா பதறிப்போய் நின்றிருந்தார். நாங்கள் அடைபட்டதற்கு அல்ல. பத்து நிமிஷ அனுமதியில் ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசிவிட்டோமே, அதை எப்படி முறைப்படுத்துவது என்று. முழு ஆலோசனையாகவே பதிவு செய்துவிடலாம் என்று படிவத்தை நீட்டினார். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. மெக்கானிக் பையில் பேனா இல்லாமலா? மேலே நான் கையெழுத்துப் போட்டேன், கீழே அந்த அம்மா போட்டார். "வெள்ளிக்கிழமை நான் ரிடையர் ஆகறேன். நல்லபடியா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு, வாசற்படி இறங்கிப் போனார்.

ஒன்றாம் தேதி அக்கா வந்தாள். கதவைத் திறந்தது பேக்கரிக்காரன், கையெல்லாம் மாவு. அக்கா அவனைப் பார்த்தாள். செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள். சுவரில் எங்கள் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். காலண்டரைக் கிழித்தாள்.

நாலு நாள் பேசவில்லை. "உப்பு கம்மி" என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். பேக்கரிக்காரன் பெட்டியைத் தொடவில்லை, ஆனால் இரண்டு தடவை அலமாரிப் பக்கம் பார்த்தான். அக்கா அந்த வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூட வேலை என்று சொல்லிவிட்டு வெளியே போய் வந்தாள்.

ஆறாவது நாள் எனக்கு ஒரு பதிவுத் தபால். 'இரண்டாம் நபருடன் ஐம்பத்திரண்டு நிமிடங்கள் இணைந்து பணியாற்றிய தங்களது ஒப்பற்ற திறனைப் பாராட்டி, தங்களை இவ்வட்டாரத்தின் சான்று பெற்ற ஒருங்கிணைந்த அரவணைப்பு ஆலோசகராக நியமிப்பதில் அலுவலகம் பெருமகிழ்வு கொள்கிறது.' ஓடினேன்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. நான் ஆலோசகர் இல்ல."

"முதல் நபர் இடத்துல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"பேனா என்கிட்ட இருந்தது."

"ஆலோசகர்கிட்டத்தான் பேனா இருக்கும்."

"அந்த அம்மாவையே கூப்பிட்டுக் கேளுங்க."

"அவங்க இரண்டாம் நபர். ஆலோசனை பெற்றவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறது ரகசியக் காப்பு விதிக்கு எதிரானது. போன வெள்ளிக்கிழமை அவங்க முழுசா குணமாயிட்டதாப் பதிவாயிருக்கு. அதைக் கெடுக்காதீங்க."

அவர் அடுத்த தாளை எடுத்தார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு உங்க முதல் ஆள். உறவினர் பிரிவு. கணக்கு டீச்சராம். பாவம், ரெண்டு நாள் வரிசையில நின்னாங்க. வீட்டுக்குப் பக்கமா ஆலோசகர் வேணும்னாங்க. கம்ப்யூட்டர் தேடி உங்களைப் போட்டிருக்கு. தூரம் பூஜ்யம்னு காட்டுது, இதுவரைக்கும் இவ்வளவு பக்கமா யாருக்கும் கிடைச்சதில்ல."

தாளை என் பக்கம் திருப்பினார். உறவினர் அறிந்திருப்புச் சான்று. சிவப்பு மையில் ஒரு வரி: 'என் தம்பி. எனக்குத் தெரியும்.' கீழே அக்காவின் கையெழுத்து. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர் நகரச் சொல்லும்வரை நின்றேன்.

சனிக்கிழமை வந்தது. சமையலறை மேஜையில் அக்கா எதிரே உட்கார்ந்தாள். கடிதத்தில் என் பேரைப் பார்த்து அவளும் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். மாற்ற வேண்டுமானால் புது விண்ணப்பம், ஏழு மாதம் ஆகும் என்றார்களாம். "பரவாயில்ல, இவனே இருக்கட்டும்" என்று வந்துவிட்டாள். ஆலோசனை நேரத்தில் மூன்றாம் நபர் வீட்டில் இருக்கக் கூடாது என்று விதி. அக்காவுக்காக வெளியே போக மாட்டேன் என்று நின்ற பேக்கரிக்காரன், அலுவலகத்துக்காக வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். சட்டையை இஸ்திரி போட்டிருந்தேன். நாற்பத்தொரு கேள்விக்கும் காலையிலேயே விடை நிரப்பி வைத்திருந்தேன், நேரம் மிச்சமாகுமே என்று.

"அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீ எப்படி இருந்தாலும் நான் உன்னை ஏத்துக்கிறேன்."

"சரிடா."

"உன்கிட்ட மறைக்க நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். சொன்னேன். பெட்டியைச் சொன்னேன், மைதா மூட்டையைச் சொன்னேன், கை நடுங்கியதைச் சொன்னேன். அழுதேன். அக்கா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். ஃபோனில் அலாரம் அடித்தது. ஐம்பது நிமிஷம் முடிந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் நபர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. விடைத்தாள் திருத்துகிற மாதிரி முதல் கேள்வியிலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்றில் நின்றாள்.

"'இரண்டாம் நபரின் மனபாரம் குறைந்ததா?' ஆம்னு டிக் போட்டிருக்க."

"ஆமாக்கா."

"விடை மட்டும் இருக்கு. செய்முறை எங்கடா?"

நான் படிவத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"ஆறு வருஷமா நான் ஃபோன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல வெச்சிடுவ. இங்க வந்தா எப்படா என்னைப் பஸ் ஏத்துவோம்னு இருப்ப. நான் என்ன தப்பு பண்ணேன்னு தேடித் தேடிப் பாத்தேன்டா. ஊர்ப் பிள்ளைங்க தப்பெல்லாம் கண்டுபிடிக்கிறேன், என் தப்பு எங்கன்னு எனக்குத் தெரியல. தம்பிக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அதை யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் அந்த வரிசையில போய் நின்னேன்."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் டிக்கைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'திரும்பச் செய்' என்று எழுதினாள்.

இப்போது நான் சொன்னதைக் கேளுங்கள். என் வாயால் சொன்னேன்.

"அக்கா, அடித்தல் திருத்தல் இருந்தா படிவம் செல்லாது. நேரமும் முடிஞ்சுபோச்சு. அடுத்த சந்திப்பு மூணு மாசம் கழிச்சுத்தான்."

அக்கா பேனாவை மூடினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "தம்பி, இங்க வா" என்றாள்.

"இங்கதானேக்கா இருக்கேன்."

"உன்னைக் கூப்பிடலடா."

கதவு திறந்தது. பேக்கரிக்காரன் நின்றான், உள்ளே வரலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டபடி. அக்கா காலால் ஒரு நாற்காலியை இழுத்துவிட்டாள். அன்றைக்கு இருட்டும்வரை அவள்தான் பேசினாள். நாங்கள் கேட்டோம். கடைசியில் படிவத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அவன் கையெழுத்துக்குக் கட்டம் இல்லாததால் அக்காவே அடிக்கோல் வைத்துச் சிவப்பில் ஒன்று வரைந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், அக்கா பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடியம்மா ஃபோன் செய்தார். படிவம் நிராகரிக்கப்பட்டது, என் சான்றும் ரத்து, இனி வட்டாரத்தில் ஆலோசகர் யாருமில்லை என்றார். நான் நிம்மதியாக வைக்கப் போனேன்.

"சார், ஒரு நிமிஷம்." குரல் தாழ்ந்தது. "அந்த டீச்சரம்மா வேற யார்கிட்டயாவது பேசுவாங்களா? என் பொண்ணு விஷயமா. ரெண்டு வருஷமா அவ என்கிட்ட ஏதோ சொல்ல வரா, சொல்லாமப் போயிடறா. என்னன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். எப்படிக் கேக்கிறதுன்னுதான் தெரியல."

எனக்கு அந்த அம்மாமேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தோடு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"உறவினர் அறிந்திருப்புச் சான்று இருக்காம்மா?"

அக்கா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.